விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு வழக்கு: பெயர் பெற்ற அலுவலகமா, அந்தக் கோர்ட் வராந்தாவிலேயே நிற்கும் வக்கீலா?

தமிழ்நாட்டில் குடும்ப நீதிமன்ற வழக்குக்கு வக்கீல் தேடுபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அதே நீதிமன்றத்தில் நாள்தோறும் வழக்கு நடத்தும் உள்ளூர் வக்கீலிடம் போகலாம். உயர் நீதிமன்றத்தில் பெயர் எடுத்த, ஜூனியர்கள் பலர் வேலை செய்யும் அலுவலகத்திடம் கொடுக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போட்டு இலவச வக்கீலைப் பெறலாம். வக்கீலே வைக்காமல் தானே நின்று பேசலாம். ஒரு தரப்பு மறுக்கும் விவாகரத்திலும், குழந்தை யாரிடம் வளர்வது என்ற சண்டையிலும் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

பதிவு எண், அனுபவ ஆண்டுகள், கட்டணம் எல்லாம் எல்லோரும் விசாரிப்பவைதான். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு இப்படித்தான் வரும் என்று வாக்குக் கொடுப்பவரிடமும், கிடைக்கப்போகும் ஜீவனாம்சத்தில் சதவீதம் கேட்பவரிடமும் அதற்கு மேல் பேச வேண்டாம். வழக்கின் பலனில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. பெண் வக்கீல் வேண்டுமா ஆண் வக்கீல் வேண்டுமா என்பது, யாரிடம் எதையும் மறைக்காமல் பேச வருகிறதோ அதைப் பொறுத்தது.

வக்கீல் இல்லாமல் நடத்துவதை முதலில் பார்த்துவிடலாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 13ஆம் பிரிவில், வக்கீல் வைத்துக்கொள்வதை ஓர் உரிமையாகத் தரவில்லை. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் வக்கீல் ஆஜராகிறார். ஆகவே தானே வாதாடுவது இங்கே விதிவிலக்கான காரியம் அல்ல. இருவரும் ஒத்துப்போய், பணம், நகை, குழந்தை எல்லாவற்றையும் எழுத்தில் முடித்துவிட்ட வழக்கில் இது நடக்கும். எதிர்ப்பு உள்ள வழக்கில் வேண்டாம். குறுக்கு விசாரணை என்று ஒன்று வரும். பல ஆண்டுகள் கூட வாழ்ந்தவரை, கோபமும் அழுகையும் இல்லாமல், வழக்குக்குத் தேவையான கேள்விகளை மட்டும் வரிசையாகக் கேட்பது எவருக்கும் கடினம்.

இலவச சட்ட உதவியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது, ஏழைகளுக்கு மட்டும்தான் என்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமானம் எதுவாக இருந்தாலும் இதற்குத் தகுதியானவர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பட்டியலில் உள்ள வக்கீல்களில் ஒருவரை ஒதுக்குவார்கள். அவர் குடும்ப வழக்குகளையே நடத்துபவராக இருந்துவிட்டால், நான் பரிந்துரைக்கும் அதே உள்ளூர் வக்கீல் செலவில்லாமல் கிடைத்த மாதிரி. அவர் சிவில், கிரிமினல் என்று வேறு பக்கம் ஓடுபவராக இருந்தால், ஆணைக்குழுச் செயலாளரிடம் வேறு ஆளைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம், தயங்க வேண்டாம். தரம் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால் மொத்தமாக நல்லது, மொத்தமாக மோசம் என்று சொல்ல முடியாது.

இனி பெரிய அலுவலகம். அதற்கென்று இடம் உண்டு. வழக்கை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றக் கேட்கும் மனு உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். வேறு மாநிலத்துக்கு என்றால் உச்ச நீதிமன்றம். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மீதான மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு கேட்கும், அதற்குக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் தரும் கெடு 30 நாள். பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு நாடு விட்டு நாடு போய்விட்டால், அப்படிக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேராததால் சிக்கல் இரட்டிப்பாகும். அப்போது குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு நடத்திப் பழகியவர் தேவை. இவற்றுக்குப் பெயரும் அனுபவமும் பெரியதாக இருப்பது உதவும். ஒரு சின்ன விஷயம்: 'மூத்த வழக்கறிஞர்' என்று முறைப்படி நியமனம் பெற்றவர் வக்காலத்துத் தாக்கல் செய்ய முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக விவரம் கேட்டு வழக்கு நடத்தவும் கூடாது. அவர் பெயரைச் சொல்லி உங்களிடம் பணம் வாங்கினாலும், காகிதத்தில் உங்கள் வக்கீல் வேறொருவர்தான்.

முதல் நீதிமன்றத்தில் இந்த அலுவலகங்கள் ஏன் சறுக்குகின்றன என்றால், வாய்தாவுக்கு யார் வருகிறார் என்பதில்தான். வழக்கை உங்களிடம் கேட்டுக்கொண்டவர் ஒருவர், மனுவை எழுதியவர் இன்னொருவர், கோர்ட்டில் எழுந்து நிற்பவர் போன மாதம் சேர்ந்த ஜூனியர். நீதிபதி ஒரு கேள்வி கேட்டால், "சீனியரைக் கேட்டுச் சொல்கிறேன், ஒரு வாய்தா கொடுங்கள்" என்பதைத் தவிர அவரிடம் பதில் இருக்காது. சென்னையில் குடும்ப நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருப்பதால் சீனியர் நடந்து வந்துவிட முடியும். வெளி மாவட்டங்களில் அதற்கு வழியில்லை.

ஒரு வாய்தா போனால் என்ன என்று தோன்றும். குடும்ப வழக்கில் அது வேறு மாதிரி வேலை செய்கிறது.

வழக்கு எண் விழுந்து, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், ஆலோசகரிடம் அனுப்பிவைத்து, எதிருரை வருவதற்குள்ளாகவே இடைக்கால மனுக்கள் தாக்கலாகும். இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும். 26ஆம் பிரிவில் குழந்தை யாரிடம் இருப்பது, அதன் படிப்பு, மற்ற பெற்றோர் அதைப் பார்க்கும் பார்வை நேரம். ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் சொல்லும் உறுதிமொழி ஆவணம் தாக்கல் செய்தாக வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்ப சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி விவரம், கடன் தவணை, குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதிர்த்தரப்பின் படிவத்தில் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, அந்த ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட வேண்டும். வழக்கைக் கையில் வைத்து வாராவாரம் பார்ப்பவருக்குத்தான் இது வரும்.

வக்கீல் வராவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் மனுதாரராக இருந்தால் வழக்கு வராமைக்காகத் தள்ளுபடியாகலாம். எதிர்மனுதாரராக இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக விசாரணை முடிந்துவிடலாம். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்கும் மனுவுக்கு 30 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம். இவ்வளவு மோசமாகப் போகாமல் வெறும் ஒத்திவைப்பாகவே போனாலும் குழந்தை விஷயத்தில் இழப்பு உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 13ஆம் பிரிவில், குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. நலன் என்று நீதிபதி பார்ப்பதில், குழந்தை இப்போது எந்த வீட்டில் பழகியிருக்கிறது, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது முக்கியமான இடம் பிடிக்கும். பார்வை நேரம் கேட்ட மனு எட்டு மாதம் வாய்தாவிலேயே கிடந்தால், அந்த எட்டு மாதமும் பிள்ளையைப் பார்க்காத பெற்றோரின் கணக்கில்தான் ஏறும். அப்புறம் எவ்வளவு பெரிய வக்கீல் வந்து இறுதி வாதம் செய்தாலும் அந்தப் பழக்கத்தைக் கலைக்க நீதிமன்றம் யோசிக்கும்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, நான் உள்ளூர் வக்கீல் பக்கம் நிற்பதற்கு முதல் காரணமே அதுதான். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 19ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவுகள் மீது மேல்முறையீடு கிடையாது. இறுதித் தீர்ப்பு தவறாகப் போனால் உயர் நீதிமன்றத்தில் உண்மைகளையும் சட்டத்தையும் மறுபடி முழுக்கப் பேசலாம். இடைக்கால உத்தரவு தவறாகப் போனால் பெரும்பாலும் அரசமைப்புச் சட்டம் 227ஆம் பிரிவின் கீழ் சீராய்வு மனு என்ற குறுகலான வாசல்தான் மிஞ்சும். அங்கே சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். ஆக, திருத்திக்கொள்ள வசதியுள்ள கட்டத்துக்குப் பெரிய வக்கீலும், திருத்த வசதி குறைந்த கட்டத்துக்கு விவரம் தெரியாத ஜூனியரும் என்று அமைத்துக்கொள்வது தலைகீழான ஏற்பாடு.

நேரில் வருபவர்தானா என்பதைச் சேர்வதற்கு முன்பே பார்த்துவிட முடியும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து வக்கீல் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கே அவருக்கு எத்தனை வழக்குகள் என்று வரும். குடும்ப வழக்குகளில் கட்சிக்காரர் பெயர் சில இடங்களில் மறைக்கப்பட்டிருக்கலாம். எண்ணிக்கை தெரிந்தாலே போதும். ஒரு நாள் காலையில் கோர்ட் வராந்தாவில் போய் உட்காருங்கள். மூடிய அறை விசாரணைக்குள் நீங்கள் போக முடியாது, ஆனால் வழக்குகளைக் கூப்பிடும்போது யார் ஓடி வந்து நிற்கிறார், யாருடைய வழக்கில் தொடர்ந்து வாய்தா கேட்கிறார்கள் என்பது வெளியிலிருந்தே தெரியும். பிறகு வக்கீலிடம் நேராகக் கேளுங்கள்: இடைக்கால மனு விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நீங்களே வருவீர்களா? வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் யார் வருவார், அவருக்கு என் வழக்குக் கட்டு தெரியுமா? குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர் என்றால், விவாகரத்து மனு சார்பு நீதிமன்றத்துக்கும் குழந்தைக் காப்பாளர் மனு மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும். இரண்டு இடத்துக்கும் அவர் போகிறவரா என்றும் கேட்டுவிடுங்கள்.

கட்டணத்தை வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். வழக்கு நீள நீள அவருக்கு வருமானம் என்ற நிலைமையை நீங்களே உண்டாக்கியதாகும். மனு அல்லது எதிருரை, இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை, இறுதி வாதம் என்று கட்டம் கட்டமாகப் பேசி, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கொடுங்கள். நகல் மனு, டைப்பிங், குமாஸ்தா செலவு தனியா சேர்த்தா என்பதையும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாதம். அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கௌர் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்கில் இந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்றது. வாய்தாக்கள் குறைவு, ஆகவே யார் வருகிறார் என்பது அவ்வளவு பெரிய கவலை இல்லை. உடன்பாட்டு வாசகத்தை எழுதுபவர் கவனமானவராக இருந்தால் சரி. இருவருக்கும் ஒரே வக்கீல் என்று செலவை மிச்சம் பிடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது மனுவுக்கு முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். அப்படி நடந்தால் ஒருவருக்காக மனு எழுதியவர் மறுதரப்புக்காக நிற்கக் கூடாது என்ற விதி குறுக்கே வரும், இருவருமே புது வக்கீல் தேட வேண்டியிருக்கும். குறைந்தபட்சம் உடன்பாட்டையாவது தனியாக வேறொரு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள்.

உள்ளூர் வக்கீல் மீது எல்லோரும் சொல்லும் குறை, எதிர்த்தரப்பு வக்கீலோடு ஒரே சங்கம், ஒரே டீக்கடை என்பது. பயப்படக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தால்தான் சமரசப் பேச்சும் சீக்கிரம் நடக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் உங்கள் வக்கீல் தலையாட்டுகிறாரா என்று கவனிக்க வேண்டும். அதற்கு அவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வழக்கின் அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, இ-கோர்ட்ஸில் ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று பதிவாகியிருக்கும். 'கூடுதல் அவகாசம்' என்ற வார்த்தை தொடர்ந்து மூன்று முறை வந்தால், யார் கேட்டது, நாம் எதிர்த்தோமா என்று அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் மாற்றிவிடலாம். பழைய வக்கீலின் சம்மதக் கையெழுத்தோடு புதிய வக்காலத்து, அவர் கையெழுத்துத் தராவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. இருந்தாலும் கட்டு திரும்பி வரும்வரை வழக்கு நிற்கும். அதனால் திருமணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, நகை ரசீது ஆகியவற்றின் அசலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் முதல் நாளே கொடுங்கள். அசலைக் காட்ட வேண்டிய நாளில் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.