பிதாகரஸ் தேற்றம்: தண்ணீர் மாதிரியா, காகிதத் துண்டா?

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தைச் செய்துகாட்டப் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் நாடுகிறோம். தண்ணீர் மாதிரி, முடிச்சுக் கயிறு, காகிதத் துண்டுகள். என் வகுப்புக்குக் காகிதம் என்று முடிவுசெய்துவிட்டேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தண்ணீர் மாதிரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் ஒரே ஆழத்தில் மூன்று சதுரப் பெட்டிகள். பலகையைச் சுழற்றினால் இரண்டு சின்னப் பெட்டிகளில் இருந்த கலர் தண்ணீர் கர்ணத்தின் பெட்டியில் இறங்கி, சரியாக நிரப்பிவிடும். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் நின்று பார்ப்பது இதைத்தான். அக்ரிலிக் ஒட்டு விட்டுக் கசிவது தொல்லை. தண்ணீருக்குப் பதில் கடுகு போட்டுச் சமாளிக்கலாம் (தெர்மாகோல் மணி வேண்டாம், சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்காது). ஆனால் வகுப்புக்கு இருப்பது ஒரே பலகை, அதில் இருப்பது ஒரே முக்கோணம். சுழற்றுவது ஆசிரியர், வேடிக்கை பார்ப்பது பிள்ளைகள்.

கயிறு செலவே இல்லாதது. 12 சம பாகமாக முடிச்சிட்டு 3, 4, 5 என்று இழுத்துப் பிடித்தால் செங்கோணம் வந்துவிடும். வீட்டுக்கு அஸ்திவாரம் குறிக்கும் கொத்தனார் மூலை பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் இது தேற்றத்தின் மறுதலை, அதாவது பக்கங்களின் கணக்கு சரியாக வந்தால் கோணம் செங்கோணம் என்று திருப்பிச் சொல்வது. மறுதலைப் பாடம் வரும் நாளில் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் செய்யலாம். தேற்றத்தை ஆரம்பிக்க இது உதவாது.

இனி காகிதம். 1873-இல் ஹென்றி பெரிகல் என்ற ஆங்கிலேயப் பங்குத் தரகர் வெளியிட்ட வெட்டுமுறை இது. அவருடைய கல்லறையிலேயே அந்தப் படத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். 6 செ.மீ., 8 செ.மீ. பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம் வரைந்து, மூன்று பக்கங்களிலும் சதுரம் வரையுங்கள். 8 செ.மீ. சதுரத்தில் மூலைவிட்டங்கள் வெட்டும் மையத்தைக் குறித்து, அதன் வழியே கர்ணத்துக்கு இணையாக ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு. வெட்டினால் ஒரே மாதிரி நான்கு துண்டுகள். அவற்றோடு 6 செ.மீ. சதுரத்தையும் சேர்த்து, ஐந்து துண்டுகளால் கர்ணத்தின் சதுரத்தை மூட வேண்டும்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய சதுரத்தின் மூலையைக் கொண்டுபோய்ப் பெரிய சதுரத்தின் மூலையில் வைப்பார்கள். எப்படி வைத்தாலும் பொருந்தாது. மையத்தில் இருந்த மூலைதான் வெளியே போக வேண்டும். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டட்டும், உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டிவிட்டாலும் பொருந்தாது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும் சார்ட்டை விட, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் கிளேஸ் பேப்பர் நல்லது. புரண்டிருந்தால் உடனே தெரியும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒரே விஷயம்: ஒவ்வொரு பிள்ளை கையிலும் வேறு வேறு முக்கோணம் இருக்கலாம். ஒருத்தி 5, 7 என்று எடுப்பாள். கர்ணம் முழு எண்ணாக வராது, 8.6 செ.மீ. சொச்சம். ஆனாலும் துண்டுகள் பொருந்தும். தேற்றம் 3-4-5, 5-12-13 போன்ற எண்களுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு அங்கேயே உடையும். அப்புறம், பின்வரிசையில் இரண்டு பேரிடம் வேண்டுமென்றே 80 பாகைக் கோணத்தில் 6, 8 பக்கங்களை வரையச் சொல்லுங்கள். மூன்றாவது பக்கம் 9.1 செ.மீ.தான் வரும். அதன் சதுரத்தின் பரப்பு ஏறக்குறைய 83, கையில் இருக்கும் இரண்டு சதுரங்களுக்கு 100. எப்படி அடுக்கினாலும் மீதி நிற்கும். 100 பாகை என்றால் இடம் காலியாகக் கிடக்கும். செங்கோணம் ஏன் அவசியம் என்று தண்ணீர் மாதிரி சொல்லவே சொல்லாது. அதற்குத் தோற்கத் தெரியாது.

காகிதத்துக்கும் குறை உண்டு. கத்தரி கோணினால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழும், "சார், பொருந்தலையே" என்ற குரல் வரும். கண்ணால் பொருந்துவது நிரூபணமும் ஆகாது. அதற்கு ஒரு வழி, வெட்டிய பக்கத்தை அளக்கச் சொல்வது. 8 செ.மீ. பக்கம் 7, 1 என்று பிரிந்திருக்கும். 7-இல் 1 போனால் 6, நடுவில் உட்காரும் சின்னச் சதுரத்தின் பக்கம். பத்தாம் வகுப்பு நிரூபணத்துக்கு முன்பே "ஏன்" என்ற கேள்வியை இது கிளப்பிவிடும்.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் முனையை இழுத்து இழுத்துக் காட்டுவதை ஒன்றிரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அறுபது பேர் உள்ள வகுப்பில் காகிதம் எப்படிப் போகும் என்பதும் என் அனுபவத்தில் இல்லை. என் வகுப்பு அதைவிடச் சிறியது. கண்காட்சிக்கென்று பணம் ஒதுக்கியிருந்தால் தண்ணீர் மாதிரியையே வாங்குங்கள். பாடத்துக்கு என்றால் கிளேஸ் பேப்பர், கத்தரி, இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல்.