பாண்டியிலும் ஆரோவில்லிலும் வீகன் சாப்பாடு: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்கணும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தொடங்கி, கோட்டக்குப்பம், செரினிட்டி கடற்கரை, குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்துக்குள் கிடைக்கிற விதவிதமான சைவச் சாப்பாடு நம் கடலோரத்தில் வேறு ஊர்களில் அரிது. காலையில் இட்லி, பதினோரு மணிக்குச் சவர்டோ ரொட்டி, மதியம் சிறுதானியச் சோறு, சாயங்காலம் சுண்டல், ராத்திரி கொண்டைக்கடலை வடை மாதிரியான ஃபலாஃபல் என்று ஒரு நாளைச் சுலபமாக ஓட்டிவிடலாம். சைவம் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. பால், தயிர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் எதுவுமே வேண்டாம் என்கிற நனிசைவர்கள், அதாவது வீகன்கள், கொஞ்சம் விவரத்தோடு போக வேண்டும். மெனுவில் 'வீகன்' என்று தனிப் பக்கம் போட்ட கஃபேயைவிட, அந்தச் சொல்லையே கேள்விப்படாத டிபன் கடையில் நல்ல வீகன் தட்டு கிடைக்கிற ஊர் இது. பிறப்பிலேயே பால் கேட்காத பண்டங்களை முதலில் தேடுங்கள். பாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையோ நிரப்பிய பண்டங்கள் அப்புறம்தான்.

பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பால், நெய், தேன் சேர்ந்த பொருளுக்கும் பச்சைப் புள்ளி உண்டு. முட்டை இருந்தால் மட்டும் அசைவக் குறி வந்துவிடும். வீகன் பொருளுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் தனி விதிமுறையும் தனிச் சின்னமும் கொண்டுவந்தது: பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில 'வி' எழுத்தும் ஓர் இலையும். கடைப் பாக்கெட்டுகளில் அதைத் தேடலாம். சமையலறையிலிருந்து சுடச்சுட வரும் தட்டில் எந்தச் சின்னமும் இருக்காது, அதனால் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

மிஷன் வீதி சற்குரு மாதிரியான முழுச் சைவ ஓட்டல்களில் காலை டிபன் சாப்பிடுவதே இந்த ஊரில் வீகன்களுக்கு முதல் பரிந்துரை. இட்லி, மெதுவடை, இடியாப்பம் தேங்காய்ப்பால், அடை, ஆப்பம் ஆகியவற்றின் மாவில் பால் பொருள் சேர்க்கும் வழக்கம் இல்லை. சிக்கல் தோசைக்கல்லில் ஆரம்பிக்கிறது. தோசை மாஸ்டர் பக்கத்தில் வைத்திருக்கும் கிண்ணத்தில் பல கடைகளில் எண்ணெயும் நெய்யும் கலந்தே இருக்கும். 'நெய் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் நெய் ரோஸ்ட் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'அண்ணா, கல்லுல எண்ணெய் மட்டும் ஊத்தச் சொல்லுங்க, எடுக்கும்போது மேலயும் நெய் தடவ வேணாம்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசி நொடியில் ஒரு கரண்டி நெய் விடுவது நம் ஊரில் உபசாரம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ரவா தோசையில் கேட்டும் பயனில்லாமல் போகலாம். ரவை, அரிசி மாவு, மைதாவை நீர்க்கக் கரைக்கும்போது புளிப்புக்கும் நிறத்துக்கும் மோர் சேர்க்கிற கடைகள் நிறைய. கரைத்த மாவிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. செட் தோசைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் முந்திரியும் நெய்யில்தான் பொரியும், அதை விட்டுவிடுவதே சரி. பொடி தோசையில் பொடியைக் குழைப்பதும் பெரும்பாலும் நெய்தான். பரோட்டா மாவில் பால், முட்டை, சில இடங்களில் இரண்டும் இருக்கும். மதியச் சாப்பாட்டில் தயிர், மோர், பாயசம் கண்ணுக்குத் தெரிபவை, ஒதுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது ரசம். நெய்யில் தாளிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. வத்தக்குழம்பும் பொரியலும் நல்லெண்ணெய், கடலை எண்ணெயோடு முடிந்துவிடும், அந்த இரண்டையும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். புதுச்சேரி வீடுகளில் தாளிக்கிற வெங்காய வடகம் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ விழுந்திருந்தால் இன்னொரு கை சோறு கேட்டு வாங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'வடூவான்' என்று தங்கள் சமையலுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இந்த ஊரின் பெருமை பேக்கரி. வீகன்கள் அதிகம் ஏமாறுவதும் அங்கேதான். பகெட் ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போதும். சவர்டோவுக்கு ஈஸ்ட்டுக்குப் பதில் புளித்த மாவு. ஃபொக்காச்சியா, சியாபட்டா இரண்டிலும் ஆலிவ் எண்ணெய்தான். இந்த நான்கையும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கலாம். க்ருவாசான் அப்படி இல்லை. மாவின் எடையில் பாதியளவு வெண்ணெயை மடித்து மடித்து உருட்டினால்தான் அந்த அடுக்கு வரும், மேலே முட்டை வேறு பூசுவார்கள். விலை குறைந்த க்ருவாசானில் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் இருக்கும். அதனால் அது வீகன் ஆகிவிடாது, சில மார்ஜரின்களில் பாலின் திடப்பொருளைச் சேர்க்கிறார்கள். பிரியோஷில் முட்டையும் வெண்ணெயும் அடிப்படை. பர்கர் பன்னில் மென்மைக்காகப் பால் பவுடர், பளபளப்புக்காக மேலே முட்டையோ பாலோ. உள்ளே காய்கறிக் கட்லெட் இருந்தாலும், அது உதிராமல் பிடிக்க முட்டை சேர்த்திருக்கலாம். முட்டையில்லா மயோனைஸ் என்று எழுதிய பாட்டிலிலும் பால் பவுடர் இருக்கக்கூடும். கிராநோலாவைத் தேன் விட்டு வறுப்பது வழக்கம்.

முட்டை சாப்பிடாத சைவர்களும் கவனிக்க வேண்டியவை உண்டு. மெல்லிய பிரெஞ்சுத் தோசையான கிரெப்பின் மாவில் முட்டை இருக்கும். பக்வீட் மாவில் சுடும் காரமான கலெட் பழைய முறைப்படி மாவு, தண்ணீர், உப்பு மட்டும்தான், ஆனால் கல்லில் ஒட்டாமல் வருவதற்காக முட்டை உடைத்து ஊற்றுகிற சமையலறைகளும் இருக்கின்றன. கீஷ் முழுக்க முட்டையும் கிரீமும். கையால் பிசைந்த பாஸ்தாவில் முட்டை உண்டு, பாக்கெட்டில் வரும் காய்ந்த ரவைப் பாஸ்தாவில் பெரும்பாலும் இல்லை. மூஸ், பன்னா கோட்டா வகைகளை ஜெலட்டின் போட்டு உறைய வைத்திருக்கலாம், அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற நொதிதான் பாலைத் திரிக்கிறது. இலையும் சீஸும் சேர்த்து அரைக்கும் பெஸ்டோ சாஸ் கேட்கும்போது எந்தச் சீஸ் என்றும் கேளுங்கள். பிரெஞ்சு வெங்காய சூப்பின் அடிப்படை மாட்டெலும்புச் சாறு. சைவமாகச் செய்கிறோம் என்று சொன்னால், சூப்பில் கரைக்கும் ஸ்டாக் கட்டி எது என்பது அடுத்த கேள்வி. ரட்டடூய் மட்டும் கவலையில்லாத பிரெஞ்சுப் பண்டம். கத்தரிக்காய், சுரைக்காய் மாதிரியான சுக்கினி, குடைமிளகாய், தக்காளி, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பகெட்டோடு சேர்த்தால் வயிறு நிறைந்துவிடும்.

காபி. பசும்பால் இல்லாத காபி கேட்டால் இப்போது பல கஃபேக்களில் ஓட்ஸ், சோயா, பாதாம், தேங்காய்ப் பால் என்று நான்கு வழி காட்டுவார்கள், கூடுதல் காசும் கேட்பார்கள். கோப்பையில் அது திரிந்து திட்டுத்திட்டாக வந்தால் பால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சோயாவின் புரதம் புளிப்பும் சூடும் சேரும் இடத்தில் உறைந்துவிடும். லேசாக வறுத்த கொட்டையில் புளிப்பு அதிகம், அதனால் அந்தக் காபியில் சோயாவும் பாதாமும் சீக்கிரம் திரிகின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் கொதிக்கும் காபியில் நேராக ஊற்றுவது இன்னொரு காரணம். பாலை 55 முதல் 60 டிகிரி வரை சூடாக்கி, அதன்மேல் காபியை மெல்ல விட்டால் பெரும்பாலும் நிற்கும். 'பாரிஸ்டா' என்று போட்ட ஓட்ஸ் பாலில் புளிப்பைச் சமன் செய்யும் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்திருப்பதால் அது திரிவதில்லை, நுரையும் நன்றாக நிற்கும். ஓட்ஸ் பால் பெட்டியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. தேங்காய்ப்பால் சூடான காபிக்குச் சரி, ஐஸ் காபிக்குச் சரிவராது. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகும், ஐஸ் பட்டதும் வெள்ளைத் துகளாக மேலே மிதக்கும். இதையெல்லாம்விட, சிக்கரி கலந்த ஃபில்டர் டிகாஷனைச் சுடுதண்ணீர் விட்டு, வெல்லம் போட்டுக் குடிப்பது இந்தக் கடலோரத்தில் எங்கும் கிடைக்கும், எங்கும் ஒழுங்காக இருக்கும். வெந்நீரில் கலக்கும் 'நான்-டெய்ரி' பவுடரை மட்டும் நம்ப வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும் பல பிராண்டுகளில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் என்ற புரதம் இருக்கிறது.

முந்திரி இந்தப் பகுதியின் பலம். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, முந்திரியும் பலாவும் அங்கிருந்துதான் வருகின்றன. நல்ல கஃபேயில் கிரீம் சூப், பாஸ்தா சாஸ் எல்லாம் முந்திரி விழுதில் செய்வார்கள். ஒரு பங்கு முந்திரியை நான்கு மணி நேரம் ஊறவைத்து ஏறக்குறைய அதே அளவு தண்ணீரில் வழவழப்பாக அரைத்தால் கிரீம் மாதிரி நிற்கும். ஊறாத முந்திரியை அவசரத்தில் அரைத்தால் நாக்கில் மணல்போல் நெருடும், அதை வைத்தே சமையலறையின் நிதானத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நிலக்கடலைத் தயிரும் சில இடங்களில் கிடைக்கும். இங்குள்ள வெக்கையில் அது ஆறு, எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும், அதற்கு மேல் வெளியே இருந்தால் புளித்து நீர் பிரியும். மதியத்துக்குள் சாப்பிடுவது நல்லது. சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவும் அப்படியே: புளித்த வாடையோ வழுவழுப்போ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பேயில் கறுப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை, அமோனியா நெடி அடித்தால் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை போகிறவர்கள் பலாக்காய் உணவு உண்டா என்று முதலில் கேளுங்கள், அந்தப் பருவத்தில் அதைவிட்டு டோஃபுவுக்குக் காசு கொடுப்பது வீண்.

ஆரோவில்லில் மதியச் சாப்பாட்டுக்கு சோலார் கிச்சன். 1997ல் தொடங்கியது. கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி எடுக்கிறது, மேகம் மூடிய நாளில் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். முழுச் சைவம், மசாலா மிதம், காய்கறி சாலட் தாராளம். ஆனால் முழு வீகன் கிடையாது, தயிரோ பனீரோ சில நாள் வரும். பரிமாறும் இடத்திலேயே கேட்டுத் தள்ளிவிடலாம். இங்கே நினைத்த நேரத்தில் நுழைந்து காசு நீட்ட முடியாது. ஆரோவில் கணக்கோ, அங்கே பணத்துக்குப் பதில் பயன்படும் ஆரோகார்டு அட்டையோ வேண்டும், தங்கும் விருந்தினர் இல்லத்தில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். பகல் மட்டும் வந்து போகிறவர்களுக்கு விசிட்டர்ஸ் சென்டரில் உள்ள கஃபேக்கள்தான் வசதி. குயிலாப்பாளையம் சாலையில் பிரெட் அண்ட் சாக்லேட் கஃபேயின் சவர்டோவும், மேசன் அண்ட் கோவின் டார்க் சாக்லேட்டும் தாராளமாகப் பரிந்துரைக்கத்தக்கவை. அந்தச் சாக்லேட் பால் சேராதது. ஸ்மூத்தி பௌல் கேட்கும்போது உறைந்த வாழைப்பழத்தில் அடிக்கிறார்களா, ஐஸ் கட்டியில் அடிக்கிறார்களா, தயிர் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். ஐஸ் என்றால் இந்தப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்தில் தண்ணீராகிவிடும்.

கடலைப் பார்த்தபடி இருக்கும் கஃபேக்களில் காற்றுக்கும் காட்சிக்கும் போகலாம், சாப்பாட்டுக்கு யோசிக்க வேண்டும். மீனும் உருளைக்கிழங்கும் ஒரே எண்ணெயில் பொரியும் சமையலறைகள் இவற்றில் அதிகம். 'தனி எண்ணெயா?' என்று கேட்டுத் தெளிவான பதில் வராவிட்டால் பொரித்த எதையும் வாங்காதீர்கள். தாய் குழம்பு விழுதில் இறால், கிம்சியில் மீன் சாஸ், வூஸ்டர் சாஸிலும் சீசர் சாலட்டிலும் நெத்தலி மாதிரியான ஆஞ்சோவி என்று, காய்கறிப் பெயரோடு மீன் நுழையும் வழிகள் பல. கடற்கரைச் சாலையில் கருப்புக் காபி குடித்துவிட்டு, வண்டியில் விற்கும் பட்டாணிச் சுண்டலை மாங்காயும் தேங்காயும் தூவி வாங்குவது எப்போதும் திருப்தியான ஏற்பாடு.

முழுக்க வீகனாகவே ஒரு சாப்பாடு வேண்டும், எதையும் கேட்கத் தேவையில்லாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் சாதனா ஃபாரஸ்ட். 2003 முதல் வறண்ட நிலத்தில் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டுவரும் குழு அது, சமையல் எல்லாமே பால் பொருள் இல்லாதது. வெள்ளிக்கிழமை மாலைகளில் காட்டைச் சுற்றிக் காட்டி, சுற்றுச்சூழல் படம் திரையிட்டு, இரவு உணவு தருவது அவர்கள் வழக்கம். கட்டணம் கிடையாது, விரும்பினால் நன்கொடை தரலாம். போகும் வாரத்தில் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உணவு எளிமையாக, உப்பும் காரமும் குறைவாக இருக்கும். ஊறுகாய் இல்லாமல் முடியாது என்பவர்கள் கையோடு ஒரு சின்ன டப்பா எடுத்துப் போகலாம். மண் சாலை இருட்டு, கொசுவும் உண்டு. டார்ச்சும் கொசு விரட்டும் எண்ணெயும் வைத்துக்கொண்டு, திரும்பி வர ஆட்டோவை மாலையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.