முழு விவசாயமா, குத்தகையா, வேலையோடு விவசாயமா?

நிலம் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நாமே பயிர் வைப்பதா, குத்தகைக்கு விட்டுவிட்டு சம்பளத்துக்குப் போவதா, இல்லை இரண்டையும் சேர்த்து ஓட்டுவதா? மூன்றையும் வெவ்வேறு வயதில் செய்து பார்த்திருக்கிறேன். வரவு செலவு நோட்டை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பதில் சுலபம், சம்பளம்தான். அது தெரிந்தும் நிலத்துக்குத் திரும்புகிறவர்களை எது இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெயிலும் குனிந்து நிமிர்வதும் பழகிவிடும். பழகாதது பணத்தின் போக்கு. செலவு முழுவதும் முதலில், வரவு கடைசியில். நல்ல மழை பெய்தால் எனக்கு மட்டுமா விளையும்? வட்டாரமே ஒரே வாரத்தில் அறுக்கும், விலை விழும். விலை குறைந்துவிட்டது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாக விளைந்தாலே விலை நிறைய இறங்கிவிடுகிறது. உடம்புக்கும் ஆபத்து உண்டு. சுரங்கம், கட்டுமானம் ஆகியவற்றோடு மிக ஆபத்தான 3 தொழில்களில் ஒன்றாக விவசாயத்தையும் சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்கிறது.

சம்பள வேலை இதற்கு நேர் எதிர். மாதம் பிறந்தால் பணம், காய்ச்சல் வந்தால் விடுப்பு. பால் மாட்டிடம் விடுப்புக் கேட்க முடியாது. வீட்டில் விசேஷமோ துக்கமோ, காலையும் மாலையும் கறந்தே ஆக வேண்டும். விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும்.

சரி, அப்புறம் எதற்காக இந்தப் பாடு? பச்சை வயல், நல்ல காற்று என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கு விடை கிடைத்தது ஒரு கன்று பிறந்த ராத்திரியில். சினைப்பட்டதிலிருந்து சுமார் 280 நாள் எண்ணிக் காத்திருந்த பசு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு முன்னங்குளம்புகளும், அவற்றின் மேல் படிந்த மூக்கும் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. கன்று நேராக வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்துவிட்டு, வைக்கோலால் உடம்பைத் தேய்த்தேன். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் ஏற்காது. நான்கு முறை எழுந்து விழுந்து, ஐந்தாவது முறை நின்றது. காம்பைத் தேடிப் போய்த் தாயின் முன்னங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. நான்தான் திருப்பிவிட்டேன். சம்பளத்துக்கு நான் செய்த எந்த வேலையும் இப்படி என் கண்முன் எழுந்து நின்றதில்லை.

மண்ணும் அப்படித்தான். ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டினால் உதிர வேண்டும். களியாக ஒட்டினால் உழவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் உழுதால் மண் இறுகிக் கட்டியாகி, வேர் இறங்கத் திணறும். முடிவு என்னுடையது, அதன் பலனும் சில மாதத்தில் என் காலடியிலேயே கிடக்கிறது. பாரமாக இருப்பதும் அதுதான், விடாமல் இழுப்பதும் அதுதான்.

குத்தகைக்கு விட்டால் அந்தப் பாரம் போய்விடும். அதோடு மண்ணுக்கும் நமக்கும் இருந்த பேச்சும் நின்றுவிடும். ஓராண்டுக் குத்தகையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அடுத்த வருஷம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்துக்கு யார் தொழுவுரம் அடிப்பார்கள்? குத்தகைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடுவதென்றால் ஐந்தாறு வருஷத்துக்கு எழுத்தில் விடுங்கள்.

வேலையோடு விவசாயம் என்றால் எல்லாம் பயிரைப் பொறுத்தது. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், தவறினால் முற்றி நாராகிவிடும். வாரம் ஒருமுறை போகிறவர் புழுவைப் பார்ப்பதற்குள் பாதி இலை போயிருக்கும். மரப்பயிர் நமக்காகக் காத்திருக்கும், முதல் சில வருஷம் தண்ணீரும் காவலும் கொடுத்துவிட்டால்.

முழுநேரத்துக்கு இறங்குகிறவரிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: ஒரு போகம் மொத்தமாகப் போனாலும் கடன் வாங்காமல் அடுத்த விதை வாங்க முடியுமா? உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 2 ஹெக்டேரைவிடச் சிறியவை. அந்த அளவில் ஒரு சறுக்கலே குடும்பத்தைச் சாய்த்துவிடும். சேமிப்பு இல்லையென்றால் வேலையை விடாதீர்கள்.

நான் இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறேன். நிலத்தில் மரம் வைத்திருக்கிறேன். மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டேன், அன்று பிறந்த அந்தக் கன்றைத் தவிர. இப்போது அது வளர்ந்து சினையாக நிற்கிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்துவிட்டேன்.