ரத்தான ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு 54,000 ரூபாய் வரி வாங்கிய கடை: தொழிலுக்குக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கவனிக்கவும்

ஆடிட்டரிடம் பேசிவிட்டு இப்போதுதான் போனை வைத்தேன். கம்ப்யூட்டருக்கு நான் கொடுத்த அந்த 54,000 ரூபாய் ஜிஎஸ்டியை, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். கை இன்னும் நடுங்குகிறது. இன்னொருத்தர் இதே இடத்தில் மாட்டக் கூடாது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வீடியோ எடிட்டிங்கும் அனிமேஷனும் தனியாக எடுத்துச் செய்பவன். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, மாதாமாதம் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறேன். நவம்பரில் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் ஒன்று தேவைப்பட்டது. கேட்கிற பாகங்களைப் போட்டு அசெம்பிள் செய்து அனுப்பும் ஆன்லைன் கடை அது. புகார் கொடுக்கப் போகிறேன், அதனால் பெயரை இங்கே போடவில்லை. மெஷின் 3,00,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54,000. மொத்தம் 3,54,000.

நான் நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று கடையின் விற்பனை ஆளேதான் முதலில் கேட்டார். நான் சொன்னதும் டைப் செய்து, "உங்க பேரு வந்துடுச்சு சார், சரியா பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். என் பெயர், என் முகவரி, எல்லாம் சரி. "இந்த 54,000 உங்க பணமே இல்ல சார். ரிட்டர்ன்ல கழிச்சுக்கப் போறீங்க. உங்களுக்கு மெஷின் மூணு லட்சம்தான். அந்த மூணு லட்சத்தையும் இந்த வருஷமே செலவுல எழுதிடலாம்" என்றார். அப்படி நிதானமாக, நம் தொழிலைப் புரிந்தவர் மாதிரி பேசினார். விலை குறைவாகச் சொன்ன இன்னொரு கடையை விட்டுவிட்டு இவரிடம் வந்ததற்குக் காரணமே இந்தப் பேச்சுதான். பணத்தை வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினேன். மெஷினோடு பில்லும் வந்தது. வரிப் பட்டியல் என்ற தலைப்பு, கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண், என் எண், வரி 54,000 என்று தனி வரி, கீழே சீல், கையெழுத்து. ஒன்றும் குறையில்லை.

அடுத்த மாதம் 14ஆம் தேதிக்கு அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் 2பி-யை, அதாவது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலைத் திறந்தால் அந்த பில் இல்லை. கேட்டேன். "இந்த மாசம் விட்டுப்போச்சு சார், அடுத்த மாசம் ஏத்திடுவோம்." அடுத்த மாதமும் இல்லை. "எங்க ஆடிட்டர் ஊர்ல இல்ல." அப்புறம் அந்த விற்பனை ஆளின் நம்பரே போகவில்லை. கடை நம்பரில் வேறு யாரோ எடுத்து, "அவர் வேலைய விட்டுட்டாருங்க, பில் காப்பி அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

கடைசியில் ஜிஎஸ்டி தளத்தில் அந்தக் கடையின் எண்ணைப் போட்டுத் தேடினேன். பதிவு ரத்து. ரத்தான தேதி என் பில் தேதிக்கு முன்னால்! அதாவது வரி வாங்கவே உரிமை இல்லாத நேரத்தில் என்னிடம் 54,000 ரூபாயை வரி என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பதிவே இல்லாதவர் எப்படித் தாக்கல் செய்வார்? "அடுத்த மாசம் ஏத்திடுவோம்" என்று சொன்னபோதே அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதைக் கடையில் சொல்லிக் கேட்டதற்கு வந்த பதில்தான் வயிற்றெரிச்சல். "ஜிஎஸ்டில எடுக்க முடியலன்னா வருமான வரில காட்டுங்க சார், ரெண்டும் ஒண்ணுதானே?" ஒன்றா? ஜிஎஸ்டியில் எடுத்திருந்தால் நான் கட்ட வேண்டிய வரியில் 54,000 முழுசாகக் கழிந்திருக்கும். வருமான வரியில் கம்ப்யூட்டரை ஒரே வருடத்தில் செலவாக எழுத முடியாது, தேய்மானம்தான், அதாவது விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது, வருடம் 40 சதவீதம். முதல் வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதிலும் பாதி. நான் வாங்கியது நவம்பர், ஆக 20 சதவீதம். 54,000-க்கு 10,800 ரூபாய் வருமானத்தில் குறையும். 30 சதவீத வரி கட்டுபவருக்கே அதனால் மிச்சம் 3,240 ரூபாயும் கொஞ்சம் செஸ்ஸும்தான். மூணு லட்சத்தையும் இந்த வருடமே எழுதலாம் என்று அந்த ஆள் சொன்னதும் பச்சைப் பொய் என்று ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன் என்றேன். "கம்பெனி பேர்ல வாங்கினா நீங்க கன்ஸ்யூமரே இல்ல" என்று போனை வைத்துவிட்டார்கள். இதை நம்பிப் பின்வாங்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று ஒதுக்குவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்கிறேன். ஜிஎஸ்டி தளத்தில் கடையின் விவரம் காட்டும் அதே பக்கத்தில் எந்த அலுவலகத்தின் எல்லை என்பதும் இருக்கிறது, அங்கேயும் எழுத்தில் கொடுக்கிறேன். வரி என்று வசூலித்த பணம் அரசுக்குப் போயே ஆக வேண்டும்.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன், இப்போது விவரமாகச் சொல்லப் பொறுமை இல்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். பணம் அனுப்பும் முன் கடையின் ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது தாக்கல் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் உங்கள் எண்ணைத்தான் காட்டும், அவர்கள் எண்ணை அல்ல. பாதி ரொக்கமாகக் கொடுங்கள் என்றால் வேண்டாம், ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குத் தேய்மானமும் கிடைக்காது. வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் 44ஏடிஏ முறையில் இருப்பவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது, அதைச் சொல்லி விற்க வந்தால் நம்பாதீர்கள். 2பி-யில் வராத பில்லின் வரியைத் தைரியமாக ரிட்டர்னில் கழித்துவிடவும் வேண்டாம், பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

முடிந்தால் வரித் தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள். பில் 2பி-யில் வந்ததும் தருகிறேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஒழுங்காகத் தாக்கல் செய்கிற கடை சம்மதிக்கும். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.