வெளியே இழுத்த ஒயர்: ஆறு வருடம் கழித்து

வீட்டு ஒயரிங் முடிந்து 2.5 ஸ்கொயர் எம்எம் (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) காயிலில் முப்பது மீட்டர் மிச்சம் இருக்கிறது, அதையே காம்பவுண்டு ஓரத்து சம்ப் மோட்டாருக்கு இழுத்துவிடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அதே கம்பெனி ஒயர் ஆறு வருடம் உள்ளேயும் வெளியேயும் ஓடியதைப் பார்த்த பிறகு சொல்கிறேன், வேண்டாம்.

உள்ளே அதில் ஒரு குறையும் இல்லை. லைட், ஃபேனுக்கு 1.5, பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. சுவருக்குள் பைப்பில் போன ஒயரை இன்று உருவிப் பார்த்தாலும் செம்பு புதுசு போல மின்னுகிறது, மேல்தோல் வளைத்தால் வளைகிறது.

வெளிச்சுவரில் கிளிப் அடித்து வெயிலில் விட்ட மூன்று கோர் வெள்ளைக் கேபிள்தான் எரிச்சல். மேல்தோலை நகத்தால் கீறினால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி உதிர்கிறது. பிவிசியை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை வெயிலில் போய்விடுகிறது. பிறகு அது விறைத்து, வளைவிலும் கிளிப் இறுக்கிப் பிடித்த இடத்திலும் முதலில் வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த மழைத்தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து சுவிட்ச் பாக்ஸ் வரை வந்துவிடுகிறது. மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, வெயில் அடித்ததும் நின்றுவிடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முனையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். இரண்டு அங்குலம் வெட்டிப் புதிதாக மாட்டிப் பயனில்லை, உள்ளேயும் கறுப்புதான். முழு நீளத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது. வெயிலில் போடலாம் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. போடக்கூடாது என்றும் எழுதவில்லை, கோபம் அதில்தான். பெட்டியில் பெரிதாக இருப்பது எஃப்ஆர் என்ற எழுத்து. அதற்கு அர்த்தம் தீ எளிதில் பரவாது என்பது மட்டும்தான். வெயிலுக்கும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடையிலோ, "எஃப்ஆர் சார், எங்கே வேணா போடலாம்" என்று தைரியமாகச் சொல்லி விற்கிறார்கள்.

வெளியே போடக் கறுப்பு மேல்தோல் கேபிள்தான் சரி. அதில் கலந்த கார்பன் கரி புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்குள் போவதென்றால் ஆர்மர்டு எக்ஸ்எல்பிஇ கேபிள், அதாவது பிவிசிக்குப் பதில் எக்ஸ்எல்பிஇ பிளாஸ்டிக் உறையும் அதன்மேல் இரும்புக் கம்பிக் கவசமும் உள்ளது. இரண்டரை அடி ஆழம், கீழே மணல், மேலே செங்கல் வரிசை. இரண்டு முனையிலும் கேபிளை பாக்ஸோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளை கிளாண்டு போட்டு, ஆர்மர் கம்பியை எர்த்தில் சேர்க்க வேண்டும். கேபிள் பாக்ஸுக்குள் அடியிலிருந்துதான் ஏற வேண்டும், அதற்கு முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நடுவில் முறுக்கி டேப் சுற்றும் ஜாயிண்ட் வெளியே கூடவே கூடாது.

சைஸும் கவனிக்க வேண்டும். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் என்றால் கிளம்பும்போது அதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். முப்பது மீட்டர் தூரத்தில் 1.5 போட்டால் அந்த நொடி சுமார் 30 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 2.5-ல் 19 வோல்ட், 4-ல் 12-க்குள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவில், 1.5 போட்ட மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், குறை ஒயரில் இருக்க, மோட்டாரைக் கிளப்ப உதவும் கண்டென்சரைத்தான் எல்லோரும் மாற்றுவார்கள். வெளியே 4 போடுங்கள்.

உள் வேலைக்கு இந்த ஒயரை நல்ல ஒயர் என்றுதான் சொல்ல வேண்டும், ஐந்துக்கு நாலரை தரலாம். ஆனாலும் அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்த கையோடு இன்னொரு காயில் அதே பெயரில் வாங்க மனம் வரவில்லை. நண்பரிடம் இருக்கும் முப்பது மீட்டர் வீணாகாது: சமையலறையில் மிக்ஸி, கிரைண்டருக்கு இன்னும் இரண்டு பிளக் பாயிண்ட் அதிலேயே இழுத்துவிடலாம்.