மிஞ்சிய அப்பத்தை என்ன செய்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் களியக்காவிளை பஸ் ஏறினால், ஐந்தாறு வகைக் கிறிஸ்தவர்கள் பக்கத்து பக்கத்து சீட்டில் இருப்பார்கள். லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை கத்தோலிக்கர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே, இரட்சணிய சேனை. "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று இயேசு அப்பத்தைக் காட்டிச் சொன்னதை எல்லாரும்தான் வாசிக்கிறார்கள். அதை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் பங்கிடும் சடங்கைத்தான் நற்கருணை, திருவிருந்து என்கிறார்கள். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பதில்தான் சண்டை. அவரவர் போதகரிடம் கேட்டால் அரைமணி நேரம் விளக்கம் கிடைக்கும். ஆராதனை முடிந்ததும் மிஞ்சிய அப்பம் எங்கே போகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

கத்தோலிக்கக் கோவிலில் மிஞ்சிய நன்மை, அதாவது அர்ச்சித்த அப்பம், நற்கருணைப் பேழைக்குள் போகிறது. பக்கத்தில் விளக்கு அணையாமல் எரியும். நடக்க முடியாத நோயாளிகளுக்கு அங்கிருந்துதான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பூசை முடியும் நேரத்தில் சாமியாரின் கைகளைக் கவனியுங்கள். தட்டில் ஒட்டிய துணுக்குகளை விரலால் கிண்ணத்துக்குள் தள்ளி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதையும் குடித்துவிடுவார். ஒரு துகளிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது நம்பிக்கை. மக்களுக்குப் பெரும்பாலும் அப்பம் மட்டும் கொடுத்தும் குறை எதுவும் இல்லை என்பது அதனால்தான். பார்வைக்கும் ருசிக்கும் அப்பம் அப்பமாகவே இருக்கும், உள்ளே இருக்கும் மெய்ப்பொருள் மாறிவிடுகிறது என்கிறார்கள். 1215-இல் கூடிய லாத்தரன் சங்கம் என்ற ஆயர் பேரவை இந்த மாற்றத்துக்குப் பெயர் வைத்தது, 1551-இல் திரெந்து சங்கம் அதை உறுதியாக்கியது.

மலங்கரைக்காரர்கள் 1930-இல் மார் இவானியோஸ் தலைமையில் ரோமோடு சேர்ந்தவர்கள். நம்பிக்கை இதேதான், முறை மட்டும் அந்தியோக்கிய மரபு. புளிக்காத மாவில் செய்த லத்தீன் ஓஸ்தி (மெல்லிய வட்ட அப்பம்) அங்கே கிடையாது, குர்பானா எனும் அவர்களுடைய பூசைக்குப் புளித்த மாவு அப்பம். தூய ஆவி இறங்கி இவற்றை மாற்றட்டும் என்ற மன்றாட்டுக்கு அவர்களிடம் அழுத்தம் அதிகம்.

இரண்டு இடத்திலும் கோதுமை கட்டாயம். நெல் விளைந்த நாஞ்சில் நாட்டிலும் பீடத்துக்கு அரிசி மாவு ஏறாது. தக்கலைப் பக்கத்தில், இன்னொரு கத்தோலிக்கப் பிரிவான சீரோ மலபார் வீடுகளில் பெரிய வியாழன் (இயேசுவின் கடைசி இராப்போஜன நாள்) இரவு, அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து பெசகா அப்பம் சுட்டு, தேங்காய்ப் பால் வெல்லப் பாகோடு குடும்பத் தலைவர் பங்கிடுவார். பக்திக்குக் குறைவில்லை, ஆனால் அதை யாரும் நற்கருணை என்று சொல்வதில்லை.

நாகர்கோவிலில் லுத்தரன் சபைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வேர் உண்டு. அவர்கள் பின்பற்றும் ஜெர்மன் சீர்திருத்தவாதி லுத்தர், பொருள் மாறுகிறது என்பதை ஒப்பவில்லை, வெறும் அடையாளம் என்பதையும் ஒப்பவில்லை. நெருப்பில் பழுத்த இரும்பில் இரும்பும் நெருப்பும் ஒன்றாக இருப்பதுபோல, அப்பத்தோடு கிறிஸ்துவின் சரீரமும் இருக்கிறது என்றார். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் அவரும், அப்பம் நினைவு அடையாளம்தான் என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் பேச உட்கார்ந்தபோது, லுத்தர் அந்த வசனத்தை மேசைமேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டார். 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். அப்பத்தில் சரீரம் இருக்கிறதா என்பதில் முறிந்தது. லுத்தரன் கணக்கில் அது புசிக்கவும் குடிக்கவும் கொடுக்கப்பட்டது, தூக்கிவைத்து வணங்க அல்ல. ஆகவே பேழையும் இல்லை, பவனியும் இல்லை.

சிஎஸ்ஐ நிலைதான் சிக்கல். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயின் லண்டன் மிஷன் வழி வந்தவர்கள் இங்கே. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரையும் சேர்த்து 1947-இல் ஒன்றானபோது, கடவுள் நமக்குள் செயல்படும் கிருபையின் சாதனம் திருவிருந்து என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். எப்படிச் செயல்படுகிறார் என்று வரையறுக்கவில்லை. விசுவாசத்தால் ஆவியின் வழியாகக் கிறிஸ்துவை மெய்யாகவே பெறுகிறோம் என்று இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் பாணியில் சொல்கிறவரும், நினைவுகூருதல் மட்டுமே என்கிறவரும் ஒரே வரிசையில் முழங்காலிடுகிறார்கள். மழுப்பல் என்று சிலர் சொல்வார்கள். வரையறுத்திருந்தால் ஐக்கியமே நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

பெந்தெகொஸ்தே சபைகளில் இதற்கு அப்பம் பிட்குதல் என்று பெயர். பெரும்பாலும் சுவிங்லி சொன்ன வழிதான்: நினைவு, அறிக்கை, அவர் வருமளவும் மரணத்தைச் சொல்லுதல். மிஞ்சிய அப்பம் அப்பம்தான், திராட்சை ரசமும் ரசம்தான். இதை வைத்து அவர்களுக்கு பயபக்தி குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாமல், புசித்தால் ஆக்கினை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இவர்கள் அளவுக்கு யாரும் மனதில் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அப்பத்தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம், கிறிஸ்துவே முழுமையாக இருக்கிறார் என்று நம்பும் கத்தோலிக்கரில் சிலர் நன்மை வாங்கிய கையோடு பைக்கை எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொள்கை ஒரு பக்கம், பயம் வேறு பக்கம்.

ரசத்திலும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கருக்குப் புளித்த திராட்சை மது வேண்டும், அதில் சொட்டுத் தண்ணீர் கலப்பார்கள். மதுவிலக்கு பேசிய மிஷன்களின் வழிவந்த சபைகள் பலவற்றில் போதை இல்லாத திராட்சைச் சாறு. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட்காரர் சாற்றைப் புளிக்காமல் காக்கும் வழி கண்டதே திருவிருந்துக்காகத்தான்.

இரட்சணிய சேனையில் மிஞ்சுவதற்கு எதுவுமே இல்லை. 1883-இல் சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத் திருவிருந்தையே நிறுத்திவிட்டார். குடியை விட்டு வந்தவன் நாவில் மறுபடி மது படக்கூடாது என்பது ஒரு காரணம். சடங்கைப் பிடித்துக்கொண்டு மனந்திரும்புதலை விட்டுவிடுவார்கள் என்பது இன்னொன்று. சாப்பாடு முழுவதுமே கர்த்தருக்கு முன் சாப்பிடும் சாப்பாடுதான் என்கிறார்கள். எனக்கு இது பாதிதான் ஒப்புகிறது. "இதைச் செய்யுங்கள்" என்று சொன்ன இடத்தில் செய்யாமல் விடுவதற்கு இன்னும் பலமான காரணம் வேண்டும். ஆனால் வடசேரி கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியைப் பார்த்தவர்கள் இவர்களிடம் கிருபை இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

இந்த மாவட்டத்தில் இதெல்லாம் நிஜமாக உரசுவது கல்யாணத்தில்தான். சிஎஸ்ஐ பெண் கத்தோலிக்க வீட்டுக்குப் போனால், சபை மாறாத வரைக்கும் மாமியாரோடு வரிசையில் நின்று நன்மை வாங்க முடியாது. கத்தோலிக்க மருமகன் சிஎஸ்ஐ கோவிலுக்குப் போனால் அங்கே பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள், தடுப்பது அவருடைய சொந்தச் சபை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவருக்குத் தட்டு வராது. சேனைக்காரருக்கு வேறு சபையில் வாங்கிக்கொள்ள அவர்கள் பக்கத்தில் தடையே இல்லை. ஆனால் சேனையில் ஞானஸ்நானமும் கிடையாது என்பதால், கொடுக்கிற சபைதான் யோசிக்கும்.