என்ஜிசி ஸ்லாப்: லேபிளுக்கு முன் ஓரத்தைப் பாருங்கள்

கீறல், விரல் எண்ணெய், கை தவறி விழுவது ஆகியவற்றிலிருந்து காசைக் காப்பதில் என்ஜிசி ஸ்லாபுக்கு, அதாவது காசின் தரத்தை மதிப்பிடும் என்ஜிசி நிறுவனம் லேபிளோடு காசை மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டிக்கு, முழு மதிப்பெண் தரலாம். ஆனால் அதைப் பூட்டு என்று நம்பக்கூடாது. கீழக்கரையிலோ ராமேஸ்வரத்திலோ கைமாறி வரும் ஸ்லாபில் ‘எம்எஸ் 64’ என்ற தரக்குறியை (புழங்காத காசுக்கு உரியது, எண் கூடினால் தரம் கூடும்) மட்டும் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தால், உள்ளே யாரோ திறந்து மாற்றி வைத்த எம்எஸ் 62 காசாகவும் இருக்கலாம்.

இரண்டு பிளாஸ்டிக் பாதிகளையும் அல்ட்ராசோனிக் அதிர்வால் உருக்கி இணைக்கிறார்கள். பசையோ திருகோ கிடையாது. அதனால் திறப்பவர் இணைப்பை உடைத்தாக வேண்டும், மறுபடி மூடப் பசை போட்டாக வேண்டும். தடயம் விழுவது அங்கேதான். பெவிக்விக் வகைப் பசை காயும்போது எழும் ஆவி உள்பக்கத்தில் வெள்ளைப் புகையாகப் படியும். நெம்பிய இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து நிற்கும். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸால் நான்கு ஓரத்தையும் சுற்றிப் பாருங்கள். இணைப்புக் கோடு சீராக ஓட வேண்டும். பிறகு நகத்தால் தடவுங்கள். படி தட்டினாலோ பிசிறு இருந்தாலோ விலை பேச வேண்டாம். முகப்பு முழுக்கத் தேய்மானமும் ஓரத்தில் மட்டும் புதுப் பளபளப்பும் இருந்தால் இன்னும் மோசம். உப்புத்தாள் போட்டுத் தடயத்தை மறைத்திருப்பார்கள்.

‘லேபிள் நம்பரை என்ஜிசி இணையதளத்துல போட்டுப் பாருங்க, சரியா வருதுல்ல’ என்பார் விற்பவர். வரத்தான் செய்யும். உடைத்து ஒட்டிய ஸ்லாபில் லேபிள் அசலானது. போலி ஸ்லாபிலோ அசல் நம்பரையே நகலெடுத்திருப்பார்கள். இணையதளத்தில் அந்த நம்பருக்குப் படம் இருந்தால் மட்டுமே சோதனைக்கு அர்த்தம் உண்டு. ராஜா கன்னத்தில் ஒரு வடு, எழுத்தருகே ஒரு கறை என இரண்டு மூன்று அடையாளங்களைப் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் இல்லாத பழைய ஸ்லாபை, தெரிந்த கையிடம் தவிர வாங்காதீர்கள்.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய்க்கு இரட்டைக் கவனம் வேண்டும். அது அரிது, 1938 சாதாரணம். இரண்டும் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. ஆகவே தராசு இதில் உதவாது. எட்டை ஒன்பதாக்கிய காசில், அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளம் மட்டும் சுரண்டியதுபோல் நிறம் மாறியிருக்கும்.

இந்தக் கரைக்கே உரிய குறை ஒன்றும் உண்டு: ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அல்ல. உப்பும் ஈரமும் மெதுவாக உள்ளே போகும். ஜிப் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். செம்பு விஷயத்தில் இதுவும் போதாது. நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் உள்ள யாழ்ப்பாண அரசர் காசு, மண்ணில் கிடந்த உப்பைத் தன்னோடு கொண்டுவரும். ஸ்லாபுக்குள் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து கிடந்தால் அரிப்பு நிற்கவில்லை என்று பொருள். அந்தக் காசை எந்த கிரேடிலும் வாங்க வேண்டாம்.